ஸ்பேனர் ஊலே கட்டிய வால்

கழற்றிப் பார்க்காத எதையும் நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் ரங்கூனில், எனக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தார். சாமியை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்தார். சாமிக்கு அடிக்கும் மேளத்தை விடவில்லை.

ஊலே என்றால் பர்மியத்தில் மாமா, சித்தப்பா முறை. ஸ்பேனர் ஊலே என்பதுதான் தெரு வைத்த பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், ஆனால் பபேடான் பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளைப் பழுது பார்ப்பது தொழில். மற்ற ஆண்கள் கைலியின் இடுப்பு மடிப்பில் பர்ஸைச் செருகுவார்கள். இவர் அங்கே ஸ்பேனரைச் செருகியிருப்பார். கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான் வருவார்.

என் பிரிட்ஜுக்கு ஒரு பிளக் மாற்றத்தான் அவரைக் கூப்பிட்டேன். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பிரிட்ஜ் என் கூடத்தில் நாற்பது துண்டாகக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்ல பிரிட்ஜுதாம்மா. நம்பி வாங்கலாம்."

நான் அதை வாங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

பஸ்ஸில் ஏறுமுன் அடியில் படுத்துப் பார்ப்பார். ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் யாரோ சக்கரத்தில் விழுந்துவிட்டார் என்று பெண்கள் அலறினார்கள். இவர் அடியிலிருந்து தவழ்ந்து வந்து, "போலாம், போலாம், ஆக்ஸில் நல்லாருக்கு" என்று டிரைவருக்கு உத்தரவு கொடுத்தார்.

கோயில் மேளமும் அப்படித்தான். கரண்டில் தானே அடித்துக்கொள்ளும் மேளமும் மணியும் சேர்ந்த மெஷின் அது. ஓர் அடி பிசகுகிறது என்று கழற்றி மாட்டினார். அன்று சாயங்காலம் அது இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து குருக்கள் தீபாராதனை காட்டியதை நான் பார்த்தேன். பாவம், அவருக்கு மூச்சு வாங்கியது. அம்மன் முகத்தில்கூட ஒரு பதற்றம் தெரிந்ததாக எனக்குப் பட்டது.

இப்படிப்பட்டவர் விமானத்தில் ஏறுவாரா? அங்கேதான் வந்தது வம்பு.

அவருடைய ஒரே மகள் தேவி சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்து இருப்பவள். முதல் பிள்ளை உண்டாகி இருந்தாள். ஐப்பசியில் பிரசவம். ஊலேயின் மனைவி மீனாச்சியக்கா மகளோடு இருக்கத் துடித்தார், ஆனால் தனியாகப் போக மாட்டேன் என்று பிடிவாதம். "இவர விட்டுட்டுப் போனா, நான் திரும்பி வர்றதுக்குள்ள வீட்டையே கழட்டி வெச்சிருப்பாரு" என்பது அவர் வாதம். அதை மறுத்துப் பேச என்னால் முடியவில்லை.

ஊலேவோ பயம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. போனில் மகளிடம் கத்தியது கீழே எனக்குக் கேட்டது. "ஏறுறதுக்கு முந்தி மூடியத் தொறந்து காட்டுவானான்னு கேட்டுச் சொல்லும்மா. காட்டுனா வர்றேன். எவனோ அடிச்ச ரிவெட்ட நம்பி நான் மேல போயி உக்காரணுமா?"

ஆக, ஒரு பெண்ணின் தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இருப்பாளா மாட்டாளா என்பது இந்த மனிதருடைய ஸ்பேனரில் தொங்கியது.

தேவி அப்பாவுக்குத் தப்பாத பெண். அவள் ஆபீஸில் ஒரு பெரிய அதிகாரிக்கு, சின்ன விமானத்தைத் தானே வீட்டில் கட்ட வேண்டும் என்று ஆசை. பாகம் பாகமாகப் பெட்டியில் வரும். தகடுகளை நாமே ரிவெட் ஆணி அடித்துச் சேர்க்க வேண்டும். முதலில் வால் பெட்டி, பிறகு இறக்கை, பிறகு உடம்பு. அவர் வால் பெட்டியைத் திறந்து, ரிவெட் பொட்டலங்களைப் பார்த்துப் பயந்து, மறுபடி மூடிவிட்டார். தேவி அதைக் கேட்டு வாங்கிக் கப்பலில் அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு சீட்டு: "அப்பா, கழட்டிப் பாக்குறதுக்கு உங்களுக்கு யாரும் பிளேன் குடுக்க மாட்டாங்க. மாட்டிப் பாருங்க. மாட்டிட்டு வந்துருங்க."

பெட்டியை எடுக்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்பவள் என்பதால், எங்கள் தெருவில் காகிதம் சம்பந்தப்பட்ட எதற்கும் என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். கப்பல் சரக்கு ஆபீஸ் பெண் பர்மியத்தில் கேட்டாள், இது என்ன என்று.

"வால்" என்றார் ஊலே.

"எதனுடைய வால்?"

"பிளேனுடையது."

"பிளேன் எங்கே?"

"அது மெதுவாக வரும்."

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பெட்டி மாடிப்படியில் திரும்பவில்லை. எங்கள் தெருவில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். பேப்பரும் காய்கறியும் அதில்தான் மேலே போகும். விமானத்தின் வாலும் அப்படித்தான் போனது. டீக்கடையே எழுந்து நின்று கீழிருந்து தாங்கியது. மூன்றாம் மாடியில் மீனாச்சியக்கா, "மெதுவா, மெதுவா, கம்பியில என் புடவ காயுது!" என்று கூவிக்கொண்டிருந்தார். "யாருங்க இத ஓட்டப் போறது?" என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு, ஊலே மேலிருந்து பதில் சொன்னார்: "மொதல்ல கட்டுவோம்!"

எங்கள் வீடுகள் ரயில்பெட்டி மாதிரி ஒடுக்கமும் நீளமுமானவை. மனிதர் வாழ லாயக்கில்லை, வால் கட்டத் தோதாக இருந்தது. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டு மேஜை போட்டார். குறிப்புப் புத்தகம் ஆங்கிலம். தினமும் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார். "ராணிம்மா, இன்னிக்கு ரெண்டு பக்கம் மட்டும்." ஒவ்வொரு துளையின் பிசிறையும் இரண்டு பக்கமும் கையால் வழிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துச் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன். மூன்று வாரம் என் தலைக்கு மேலே கிறீச், கிறீச்.

முதலில் சுக்கான், விமானத்தைத் திருப்பும் பலகை. சின்னப் பாகம், கையாலேயே அழுத்தி ரிவெட் அடித்துவிடலாம். அடித்து மூடினார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் காலையில் துளை போடும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், நேற்று அடித்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன ஊலே இது!"

"உள்ள எப்படி இருக்குன்னு தெரியலியேம்மா."

"நீங்கதானே மூடினீங்க?"

"அது நேத்து."

இப்படி மூன்று முறை. தன்னையே நம்பாத மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். மூன்றாம் முறை மீனாச்சியக்கா கரண்டியைத் தரையில் எறிந்தார். "ஆடி முடிஞ்சிருச்சு! புள்ள காத்திருக்குமா உங்க சுக்கானுக்கு?" அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊலே ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் நான் படித்த பக்கம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. வாலின் பெரிய பாகத்துக்கு வந்திருந்தோம். "இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்" என்று போட்டிருந்தது. ஒருவர் வெளியிலிருந்து ரிவெட் துப்பாக்கியால் அடிக்க வேண்டும். மற்றவர் தகட்டுக்கு உள்ளே கைவிட்டு, ரிவெட்டின் பின்னால் ஓர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அடிப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. பிடிப்பவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஊலே இதை என்னை மூன்று முறை படிக்கச் சொன்னார். அச்சுப் பிழையாக இருக்குமோ என்று சந்தேகம் அவருக்கு.

அவர் கை உள்ளே நுழையவில்லை. என் கை நுழைந்தது, முழங்கைக்கு மேல் போகவில்லை. மீனாச்சியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்து, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, தோள்பட்டை வரை கையை விட்டார். "ம், அடிங்க. எத்தன நேரம் நிக்கிறது?"

துப்பாக்கிக்குக் காற்று அடைக்கும் மெஷின் கரண்டில் ஓடுவது. எங்கள் ஊரில் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்பது தனிக் கதை. வந்தவுடன் "மீ லாப்பி!" என்று தெருவே கத்தும். கரண்டு வந்துவிட்டதென்று அர்த்தம். உடனே எல்லா வீட்டிலும் சோறு பொங்கும், தண்ணீர் ஏறும், இஸ்திரி ஓடும். மேல்மாடியில் மட்டும் ரிவெட் ஏறும். அவர்கள் வீட்டுத் தண்ணீரையும் நானே ஏற்றினேன். என் கம்ப்யூட்டர் அணைந்தே கிடந்தது. என்னிடம் பத்திரம் கொடுத்தவர்கள் எல்லாம் என்னைத் திட்டினார்கள். நான் ஊலேயைத் திட்டினேன்.

முதல் பத்து ரிவெட்டுக்கும் அவர் அடித்துவிட்டு அந்தப் பக்கம் ஓடிவந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "இப்படி ஒண்ணுக்கு ஒண்ணு ஓடி வந்தா கரண்டு போயிரும். நாஞ் சொல்றேன்ல? ஆச்சு. அடுத்தது" என்றார் அக்கா. அடுத்த வாரம் பத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தார். அதற்கடுத்த வாரம் டார்ச்சைத் தேடவே இல்லை. டர்ர் என்று ஒரு சத்தம், "ஆச்சா?" என்று ஒரு கேள்வி, "இன்னுங் கொஞ்சம்" என்றோ "ஆச்சு" என்றோ ஒரு பதில். நான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டது கிடையாது.

கடைசி வரிசை அன்று நான் அங்கேதான் இருந்தேன். அக்கா உள்ளே விட்ட கையை எடுக்காமல், முகம் பார்க்காமல் கேட்டார்:

"ஏங்க, அந்தப் பெரிய பிளேன்லயும் எவனோ ஒருத்தன் வெளிய நின்னு அடிச்சிருப்பான். எவளோ ஒருத்தி உள்ள கைய விட்டுப் புடிச்சிருப்பா. அவளும் ஆச்சுன்னுதான சொல்லியிருப்பா? நாஞ் சொன்னா நம்புறீங்க. அவ சொன்னா நம்ப மாட்டீங்களா?"

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. மெஷின் நின்றது. தெரு முழுக்க அமைதி. ஊலே துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். அடித்த வரிசையை விரலால் ஒருமுறை தடவினார்.

"ராணிம்மா, தேவிக்குப் போன் போடு. டிக்கெட் போடச் சொல்லு. ரெண்டு."

அக்கா வாலுக்குள்ளிருந்து கையை எடுக்க மறந்து அப்படியே நின்றார்.

விமான நிலையம் வரை நானும் போனேன். ஊலேயின் முகம் வெளுத்துப்போயிருந்தது. நடை மட்டும் நிற்கவில்லை. சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். "வாலுக்குப் பக்கத்துல சீட்டு கேட்டு வாங்கினேன். அங்க எதுன்னா சத்தம் வந்தா எனக்குப் புரியும் பாரு."

பிரசவத்துக்கு ஒன்பது நாள் முன்பே போய்விட்டார்கள். பெண் குழந்தை. தேவி கண் விழித்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார் என்று அவளே எழுதினாள். ஊலே இப்போது அந்த அதிகாரியைப் பிடித்து, இறக்கைப் பெட்டிக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று போனில் என் கையின் நீளத்தை அளந்து சொல்லச் சொன்னார். இறக்கை நீளமாம், இரண்டு பெண்கள் வேண்டுமாம்.

வேறு வேலை இல்லையா என்று நன்றாகத் திட்டிவிட்டு, அளந்து சொன்னேன்.

இந்த இரண்டு மாதமாக மேல்மாடியில் ஒரு சத்தமும் இல்லை. கரண்டு வருகிறது, போகிறது, எனக்கு ஒரு பக்கம்கூட ஒழுங்காக மொழிபெயர்க்க வரவில்லை. சீக்கிரம் வந்து சேருங்கள், ஊலே. உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.