மீன் குளிரறையில ஒரு துருவ விமானம்

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். ஒரு சின்ன ஆளில்லா விமானத்தைக் குளிரில வைச்சு, அதில பூட்டின கருவி வேலை செய்யுதோ எண்டு பாக்கிறது.

வடதுருவத்துக்குப் போற விமானம் அது. மேகத்துக்குள்ள பறந்து, காத்தை இழுத்து, அதில எத்தினை தூசித் துகள் இருக்கெண்டு எண்ணும். அடுத்தநாள் காலமை அனுப்போணும். எங்கட ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டியோ அந்தக் கிழமை பாத்துப் பழுது.

"வேற இடம் இருக்கோ?" எண்டு பேராசிரியை கேட்டா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நொய்கெல்ன் பக்கம் ராணியக்கான்ர தமிழ்க்கடை இருக்கு. மீன் வைக்கிற குளிரறை, சைபருக்குக் கீழ இருபது பாகை" எண்டன்.

ராணியக்கா மறுக்கேல்லை. "அறக்குளா மீன் பெட்டிக்கு மேல வையும் தம்பி. வழியில வைச்சா ஆரும் மிதிச்சுப்போடுவினம்."

வைச்சன். வயரை வெளியால இழுத்து லப்டொப்பில கொழுவினன். அரை மணித்தியாலம் வடிவா ஓடிச்சுது.

சாமான் வாங்க வந்த ஒரு அம்மா கதவால எட்டிப் பாத்தா. "தம்பி, உந்த வெள்ளை மீனில ஒரு துண்டு வெட்டித் தாங்கோ."

"அது பறக்கிறது அம்மா."

"ஓ, பறவை மீனோ. அது முள்ளு, வேண்டாம்."

அதுக்குப் பிறகு துகள் எண்ணிக்கை ஏறத் தொடங்கிச்சுது. நூறாயிருந்தது ஆயிரமாச்சு, ஆயிரம் பத்தாயிரமாச்சு. குளிருக்குக் கருவி செத்துப்போச்செண்டு உள்ள ஓடிப்போய் மூடியைக் கழட்டித் துடைச்சன். திருகாணி இறால் பெட்டிக்குள்ள விழுந்துது. விறைச்ச கையால கிண்டி எடுத்துப் பூட்டிப்போட்டு வந்து பாத்தா, இன்னும் கூடி நிக்குது.

பேராசிரியைக்குப் போன் எடுத்தன். "கருவி பழுது. நாளைக்கு அனுப்ப ஏலாது."

மனுசி உடன சுரங்க ரயில் பிடிச்சு நேர வந்திட்டா. கடைக்குள்ள கால் வைச்சதும் நாலு தும்மல். கண்ணால தண்ணி ஓடுது.

பின்பக்கத்தில ராணியக்கா பெரிய தாச்சியில கறித்தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டு நிக்கிறா. மீன் எடுக்கக் கதவு திறக்கிற நேரமெல்லாம் புகை குளிரறைக்குள்ள போயிருக்கு.

"உங்களுக்கு இது மணக்கேல்லையோ?" எண்டு பேராசிரியை கேட்டா.

"மூக்கு விறைச்சுப்போச்சு."

அவ திரையை ஒருக்காப் பாத்தா, என்னை ஒருக்காப் பாத்தா. "கருவி நல்லா வேலை செய்யுது. நீங்கள்தான் பழுது."

அடுப்பை அணைச்சுக் கதவைச் சாத்தினம். எண்ணிக்கை இறங்கிச்சுது. விமானம் சொன்ன நேரத்துக்கு வடக்க போச்சுது.

இப்பவும் கருவி சோதிக்கப் போறதெண்டால், முதல்ல என்ர மூக்கைச் சோதிச்சுப்போட்டுத்தான் போறனான்.