அத்தை அனுப்பிய வெல்லம் போன இடம்

அன்புள்ள பொன்னம்மாள் அத்தைக்கு,

ஜனக்புரியிலிருந்து அபிராமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம், குளிரும் நலம். மாமாவின் முழங்கால் நலமா? வெல்லம் எப்படி இருந்தது என்று போனில் கேட்டீர்கள். எனக்குப் போனில் பேச்சு வராது. பள்ளியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கண்ணில் பட்டது கண்ணாடிக் குடுவைதான். இந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்பா பார்த்துக்கொள்ளும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து தினமும் காலையில் ஒரு குடுவை மொண்டு வைப்பார். சேறு கீழே படிந்து மேலே தண்ணீர் தெளிந்தால் எல்லாம் சரி. அன்றைக்குத் தெளியவே இல்லை, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி நின்றது. "பூச்சிங்க பட்டினி கெடக்குது, அபி" என்றார் அப்பா. அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைத்தான் அவர் பூச்சி என்பார். பொங்கல் லீவுக்குப் பாதிக் குடித்தனங்கள் ரயிலேறிவிட்டதால் தொட்டிக்கு அழுக்கு வரத்து குறைந்துவிட்டது. பூச்சிகளை யார் ஊருக்கு அழைத்துப்போவார்கள்?

இப்படி ஆனால் வெல்லம் கரைத்து ஊற்றவேண்டும். அப்பா குடியிருப்புச் செக்ரெட்டரி ரங்கராஜன் சாரிடம் போய்க் கேட்டார். "சாக்கடைக்கு வெல்லமா? முந்திரி வேணாமா, சேட்டு? ஏலக்காய்?" என்றார் சார், அப்பாவை அவர் சேட்டு என்றுதான் கூப்பிடுவார். "வியாழக்கிழமை தண்ணி டெஸ்ட்டுக்கு ஆள் வர்றான். ஃபெயிலாச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்." அப்பா அன்று சாப்பிடவில்லை. வேலை போனால் மோட்டார் அறையை ஒட்டிக் கொடுத்திருக்கும் எங்கள் அறையும் போய்விடும். அப்போதுதான் அத்தை, உங்கள் பார்சல் வந்தது.

அப்பாவிடம் கேட்டால், அக்கா பொங்கலுக்கு அனுப்பியது என்று தொடவிடமாட்டார். அதனால் கேட்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே அடுப்பு வைத்துப் பெரிய பானையில் முழுவதையும் கரைத்தேன். அது பொங்கி வழிகிற நேரம் பார்த்து மூன்றாம் மாடி சுஜாதா ஆன்ட்டி வந்து "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார். நான் பானையைத் தூக்கித் தொட்டியில் ஊற்றினேன். "ஏய் பொண்ணே, என்ன பண்றே?" நான் பானையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் தட்டினேன். "அச்சா அச்சா, கங்கம்மாவுக்குப் படையலா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று ஆன்ட்டி செருப்பைக் கழற்றிவிட்டார். மறுநாளிலிருந்து பெண்கள் பாயசமும் வாழைப்பழமுமாகத் தொட்டியில் படைக்க வரத் தொடங்கினார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேசாத பெண்ணுக்கு அருள் வந்திருக்கிறது என்று ஒருவர் என்னிடம் விபூதி கேட்டார்.

வியாழக்கிழமை குடுவையில் சேறு பொத்தென்று படிந்தது. டெஸ்ட்டும் பாஸ். "இந்த வருஷமும் நீதான், சேட்டு" என்றார் ரங்கராஜன் சார். அப்பா உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார், குளிரில் வியர்க்காது என்று எனக்குத் தெரியும். அத்தை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? நாங்கள் வெண்பொங்கல்தான் வைத்தோம், அப்பா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உங்கள் வெல்லம் நன்றாகத்தான் இருந்திருக்கும். தின்ற யாரும் மீதி வைக்கவில்லை. முடிந்தால் இன்னும் ஐந்து கிலோ அனுப்புங்கள்.

உங்கள் கை பட்டது எல்லாம் பெருகட்டும். மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அபிராமி

பி.கு.: வெல்லம் அனுப்பவே வேண்டாம். ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். அவர்களும் ஆளுக்கொரு பாயசத்தோடு வருகிறார்கள். தொட்டியில் வாய்வரை நுரை, நாற்றம் வேறு. "தின்னு தின்னே மூச்சு முட்டிச் சாவுதுங்க, இன்னொரு டம்ளர் ஊத்துனா என் வேலையும் சேந்து போவும்" என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். இப்போதுதான் சுஜாதா ஆன்ட்டி தூக்குவாளியோடு படியிறங்கி வந்தார். நான் தொட்டி அறைக் கதவைச் சாத்தி, குறுக்கே நின்று, "கங்கம்மா இன்னையிலேர்ந்து விரதம், ஆன்ட்டி" என்றேன்.