அனுப்பி வைக்காத விருந்தாளி

சாங்ஷா,
ஏழாம் மாதம், இருபதாம் நாள்

அன்புள்ள தம்பி மன்சாங்குக்கு அக்கா யூஷியாங் எழுதுவது. நீயும் உன் எருமையும் உன் தொப்பையும் நலமா? உன் மருமகள் வயிற்றுப் பிள்ளை நலமா? போனில் சொன்னால் உன் வீட்டுக்காரி ஸ்பீக்கரில் போட்டு ஊரைக் கூட்டுவாள், அதனால்தான் கடிதம். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, நீ படித்ததும் மூன்றாம் வகுப்புதான்.

செத்துப்போன அப்பாவின் ஆவியை இந்த மாதம் வீட்டுக்கு வரவேற்க வந்த அன்று என் பையில் புது அரிசியைத் திணித்து, இதை மருமகளுக்குப் போடலாமா என்று கேட்டாயே. மூடிப்போன சுரங்கத்துத் தண்ணீர் நம் வயலில் பாய்கிறது, எலும்பை அரிக்கும் காட்மியம் விஷம் இருக்குமோ என்று உனக்குப் பயம். அப்பா கடைசியில் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று முனகியதைப் பக்கத்திலிருந்து கேட்டவன் நீதானே. நான் குடுவை கழுவும் ஆய்வுக்கூடத்தில் துவான் டீச்சர் அதைக் கண்டுபிடிக்கவென்றே ஒரு பொடி செய்கிறார். காட்மியத்தை நடுவில் உட்காரவைத்து, சுற்றிப் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை இறுக வைப்பார். அப்புறம் அமிலத்தில் அலசி அலசி அதை வெளியே அனுப்புவது என் வேலை. அது போனாலும் உட்கார்ந்த பள்ளம் போகாது. துத்தநாகம் பங்காளி மாதிரி வந்து நின்றாலும் அங்கே இடமில்லை. காட்மியம் துளி இருந்தால் போதும், நேராக வந்து தன் இடத்தில் உட்காரும். செத்துப்போன நம் ஆட்களுக்கு இந்த மாதம் நாம் போடும் காலி நாற்காலி மாதிரிதான் என்றேன். டீச்சர் சிரித்தார். அப்போது சிரித்தார்.

முந்தாநாள் உன் அரிசியைக் கரைத்துப் பொடிமேல் ஊற்றினோம். பொடி பிடித்ததை அமிலத்தால் கழற்றி இயந்திரத்தில் விட்டால், காட்மியம் இருக்கும் அளவுக்குத் திரையில் கோடு எழும். எழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தத் தண்ணீரை ஊற்றினார், அதே உயரம். மறுபடி ஊற்றினார், அதே உயரம். காட்மியத்தை உட்காரவைக்காமலே செய்த இன்னொரு பொடியில் ஊற்றினால் கோடு படுத்தே கிடந்தது. ஒன்றுமில்லாத தண்ணீரிலிருந்து யாரோ வந்துகொண்டே இருக்கிறார்கள். நல்ல வெயில், காலை பத்து மணி, கூடத்தில் நாங்கள் இரண்டே பேர். பேய் பிசாசு எதையும் நம்பாத டீச்சர் மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு காலி நாற்காலி. காலையில் அது சுவரோரமாக இருந்ததா, நடுவில்தான் இருந்ததா என்று இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை.

"அக்கா, பொடிய எத்தனை தடவை அலசினீங்க?" என்றார்.

"பன்னெண்டு சொன்னீங்க டீச்சர். அஞ்சோட விட்டுட்டேன். எங்கப்பாவ வரவேற்கப் போகணும், பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு."

டீச்சர் பொடிக் குப்பியைத் தூக்கிப் பார்த்தார். "அவர வரவேற்கப் போயிட்டீங்க. இங்க உட்கார்ந்திருந்தத அனுப்பவே இல்லையே."

ஆக, கசிந்து வந்ததெல்லாம் நான் அனுப்பாமல் விட்ட பழைய காட்மியம்தான். உன் அரிசிமேல் குற்றமில்லை. மருமகளுக்குத் தாராளமாகப் பொங்கிப் போடு. நீ இரண்டு கிண்ணத்தோடு நிறுத்து, மூன்றாவதுக்கு இடுப்பு வார் தாங்காது.

பிள்ளை உன் மூக்கு இல்லாமல் பிறக்கட்டும், எருமை உன்னைவிட அறிவோடு வாழட்டும் என்று வாழ்த்தும்,
அக்கா யூஷியாங்

பி.கு.: உறையை இன்னும் ஒட்டவில்லை. டீச்சர் பக்கத்தில் நின்று பன்னிரண்டு தடவையும் அலசவைத்தார். கடைசி அலசலில் ஒன்றுமில்லை. சுத்தத் தண்ணீர் ஊற்றினோம், கோடு எழவில்லை. கடை அரிசி, எழவில்லை. உன் அரிசியை ஊற்றினோம். எழுந்தது, மன்சாங். இடமெல்லாம் காலியாக இருந்ததால் முன்பைவிட உயரமாக எழுந்தது. மருமகளுக்கு ஒரு பிடி போடாதே, எருமைக்கும் வேண்டாம். இப்போதே போனும் செய்கிறேன், ஸ்பீக்கரில் போடச் சொல், ஊரே கேட்கட்டும். அன்றைக்கு அப்பா நாற்காலிக்கு முன்னால் கிண்ணம் நிறைய வைத்தோமே, அதுவும் இந்த அரிசிதான்.