யாருக்கும் கேட்காத செட்டு

நேற்றைய வேலை சின்னதுதான். புதிய டிஜிட்டல் வாக்கிடாக்கியைத் தேயிலைத் தோட்டத்து ரோட்டின் கீழ்வளைவுக்குக் கொண்டுபோய், சரியாகப் பத்து மணிக்கு டவுனில் வெள்ளம், மண்சரிவைக் கவனிக்கும் அனர்த்த அதிகாரியோடு, ஆபத்து வந்ததுபோல் பேசிப் பார்க்க வேண்டும். பரிசோதனை.

பழைய வாக்கிடாக்கி செட்டைத் திருப்பிக் கொடுக்க வைத்தவனே நான்தான். தோட்ட அனர்த்தக் குழுவின் செயலாளர் அல்லவா!

"நாம பேசுறது ஃபெக்டரிக்குக் கேக்குது, லொறிக்காரனுக்குக் கேக்குது, டீக்கடைக்காரன் ஒரு செட்டு வாங்கி வச்சு அவனும் கேக்குறான். இதெல்லாம் ஒரு பாதுகாப்பா சேர்?" என்று கூட்டத்தில் முழங்கியிருந்தேன்.

புதியதில் அந்தத் தொல்லை இல்லை. யாரிடம் பேசுகிறோமோ அவருக்கு மட்டும்தான் கேட்கும். எதிர்காலமே இதுதான் என்றார்கள். முதலில் கைதட்டியதும் நான்தான்.

பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, மழையில் ஊறிப்போயிருந்த ஒரு பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்தது.

பின்னாலேயே ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே எங்கள் லயத்து வரிசை வீட்டுச் செல்வி, பிரசவ வலியோடு. ஓட்டி வந்தவன் அவள் புருஷன் ரவி.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்! போன்ல சிக்னல் இல்ல. டவுனுக்குச் சொல்லுங்க!"

"பயப்படாத. கையில எதிர்காலமே இருக்கு."

பொத்தானை அமுக்கினேன்.

"சேர், கீழ்வளைவுல மரம் விழுந்துருச்சு! பிள்ளைத்தாச்சி மாட்டிக்கிட்டிருக்கா. ஆம்புலன்ஸ் அனுப்புங்க, மரம் வெட்ட ஆளும் அனுப்புங்க!"

"சரியா பத்து மணி! வெரி குட் மோகன். குரல் கண்ணாடி மாதிரி இருக்கு."

"டெஸ்ட் இல்ல சேர், நெசமா!"

"அதானே வேணும். மத்தத் தோட்டத்துக்காரர் பேப்பரப் பார்த்து வாசிச்சாரு. உங்க பதட்டம் அபாரம்."

செல்வி அலறினாள்.

"அட, பொம்பளக் குரலுக்கும் ஆள் புடிச்சிட்டீங்களா!"

"என்ன மாமா சொல்றாரு?" என்றான் ரவி.

"பாராட்டுறாரு."

செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "பழைய செட்டா இருந்தா டீக்கடைக்காரனே இந்நேரம் கோடாலியோட வந்திருப்பான்."

அதற்குப் பிறகு நான் அதிகாரியிடம் பேசியவற்றை எழுத முடியாது. செட்டை விழுங்காத குறையாகக் கூச்சல் போட்டேன்.

மேல்மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த பதினோரு பேர், கத்தியும் கையுமாக ஓடி இறங்கினார்கள்.

"யார வெட்டணும் செயலாளரே?"

"மரத்த!"

கிளைகளைக் கழித்தார்கள். வழி கிடைத்ததும் செல்வியைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட அரை மணியில் பெண் பிள்ளை. இருவரும் நலம்.

இன்று காலை அறிக்கை எழுதுவதற்காக அதிகாரி எனக்குப் போன் எடுத்தார்.

"நீங்க பேசினது வேற யாருக்காச்சும் கேட்டுச்சா?"

"மேல்மலையில பதினோரு பேருக்குக் கேட்டுச்சு சேர்."

"அப்ப ரகசியத்துல குறை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.