ஏழாம் நம்பர் கேபின்

"அவன் எதுல போறான்?"

பெரியவர் சாதாரணமாகத்தான் கேட்டார். தூதுவர்தான் கையிலிருந்த டிக்கெட்டை இன்னொருமுறை பார்த்துக்கொண்டார்.

"அம்புல சார். நீங்க அரண்மனைல. எப்பவும்போல வேற வேற ரயில்தான்."

"என்னையும் அம்புல போட்டுடுய்யா."

"சார், அதுல சின்னவர்..."

"இருந்தா என்ன? ரயிலை அவன் மாமனாரா வாங்கி விட்டிருக்கார்? எனக்கு முதுகு வலி. சீக்கிரம் போய்ச் சேரணும்."

தூதுவர் என்பது ஆபீசில் வைத்த பேர். சம்பளப் பட்டியலில் அவர் வெறும் உதவியாளர். பெரியவரும் சின்னவரும் கூடப்பிறந்தவர்கள், சேர்ந்து பூட்டுக் கம்பெனி நடத்துகிறவர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், அப்பா விட்டுப்போன வீட்டில் மாடி யாருக்கு என்று இரண்டு பேருடைய மனைவிமாருக்கும் பேச்சு முற்றிவிட்டது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே என்று ஆண்களும் நிறுத்தினார்கள். அதிலிருந்து மீட்டிங்கில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும், "பித்தளை விலை ஏறிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லு" என்பார் ஒருவர். "தெரியும்னு சொல்லு" என்பார் மற்றவர். நடுவில் நின்று இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வது தூதுவர் வேலை.

மாதம் ஒருமுறை அண்ணனும் தம்பியும் ராத்திரி ரயிலில் தலைநகருக்குப் போவார்கள். நல்லவேளையாக ரயில் இரண்டு. பழையதற்கு ஆபீசில் வைத்த பேர் அரண்மனை. இருவர் படுக்கும் கேபின், தாழ்ப்பாள் போட்ட கதவு, பீங்கான் தட்டில் சுடச்சுடச் சாப்பாடு. புதியதற்குப் பேர் அம்பு. திரைச்சீலை போட்ட ஒற்றைப் படுக்கைகள், பெட்டியில் அடைத்த சாப்பாடு, ஆனால் முன்னதாகப் போய்விடும். பெரியவரை அதில், சின்னவரை இதில் என்று பிரித்து ஏற்றிவிட்டால் தூதுவருக்கு அந்த மாதம் தூக்கம் வரும்.

இவருக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர், ஒருநாள் அவசரத்தில் இருவரையும் ஒரே காரில் ஏற்றி அனுப்பிவிட்டார். இரண்டு வீட்டு அம்மாக்களும் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அந்த மனிதர் இப்போது ஊருக்கு வெளியே, ஜன்னல் இல்லாத கோடவுனில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறார். தூதுவர் அவரை ஒருமுறை பார்த்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

ஆகவே தூதுவர் மூளையைக் கசக்கினார். பெரியவர் அம்புக்கு வந்தால் சின்னவர் அரண்மனைக்குப் போகவேண்டியதுதான். அம்பில் மிச்சமிருந்த ஒரே படுக்கையைப் பெரியவருக்குப் பிடித்தார். அரண்மனையில் பெரியவர் விட்ட இடத்தில் சின்னவரைப் போட்டார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சின்னவர் அறைக்கு ஒரு வெற்றிச் சிரிப்போடு போனார்.

"என்னைக் கேக்காம எதுக்கு மாத்தினீங்க?" என்றார் சின்னவர்.

"பெரியவர் அம்புக்கு வர்றார் சார். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

சின்னவர் முகம் விழுந்துவிட்டது. "அவர் அம்புல வர்றாரா? அப்ப என்னைத் திரும்ப அம்புலயே போடுங்க."

"நீங்க விட்ட படுக்கையும் போயிடுச்சு, அம்பு நிறைஞ்சிருச்சு சார்."

"அப்ப அவரை அரண்மனைக்குத் திருப்புங்க."

"அரண்மனைலதான் சார் இப்ப நீங்க இருக்கீங்க."

"நான் எங்க இருந்தா உங்களுக்கென்ன? சொன்னதைச் செய்ங்க."

தூதுவருக்குத் தலை சுற்றியது. வெளியே வந்து தண்ணீர் குடித்ததும் விஷயம் பிடிபட்டது. வீம்பு. ஒருத்தர் ஏறின ரயிலிலிருந்து இன்னொருத்தரைத் துரத்தினால்தான் இந்தக் குடும்பத்துக்குத் தூக்கம் வரும். காலையில் இருந்தபடியே ஆக்கிவிட்டு, இடமில்லை என்று இருவர் காலிலும் விழுந்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஒருவர் பேரில் ஒரே ராத்திரிக்கு இரண்டு டிக்கெட் எடுக்க ரயில்காரர்கள் விடமாட்டார்கள். ஆகவே முதலில் இரண்டையும் ரத்து செய்தார்.

தொடர் விடுமுறை என்பதை அந்த நேரத்தில் மறந்துதான் போனார். அவர் விரலை எடுப்பதற்குள் இரண்டு இடத்தையும் யாரோ கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். அம்பு நிறைந்துவிட்டது. அரண்மனையும் நிறைந்துவிட்டது.

நாளைக் காலையில் தலைநகரில் பெரிய ஒப்பந்தம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். தூதுவர் கம்ப்யூட்டரை முறைத்தார், கும்பிட்டார், திரும்பத் திரும்பத் தட்டினார். சாயங்காலம் ஆபீஸ் காலியாகிற நேரத்தில் அரண்மனையில் யாரோ ரத்து செய்த ஒன்று திறந்தது. ஏழாம் நம்பர் கேபின். இரண்டு படுக்கை. சேர்த்துத்தான் தருவார்கள்.

கோடவுன் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஒப்பந்தம் போனால் கோடவுன்கூட மிஞ்சாது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

இருவரிடமும் தனித்தனியாக "அரண்மனை, ஏழாம் நம்பர்" என்று மட்டும் சொன்னார். கூட யார் என்பதை முழுங்கிவிட்டார். ஸ்டேஷனில் யார் கையைக் காலைப் பிடித்தாவது ஒருவரை அம்புக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

ஸ்டேஷனில் திருவிழாக் கூட்டம். பிளாட்பாரத்துக்கு ஒரு பக்கம் அம்பு, மறுபக்கம் அரண்மனை. அம்பின் பெட்டி பெட்டியாகக் கெஞ்சிப் பார்த்தார். "நிக்கக்கூட இடமில்ல, போங்க சார்" என்றார்கள். அதற்குள் பெரியவர் வந்து, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அரண்மனையில் ஏறிவிட்டார். முதுகு வலி என்ன ஆயிற்று என்று கேட்கிற நிலையில் தூதுவர் இல்லை.

அடுத்தது சின்னவர். தூதுவர் குறுக்கே பாய்ந்தார்.

"சார், ஒரு காபி சாப்பிட்டுட்டு ஏறலாமே."

"ரயில் கிளம்பப் போகுதுய்யா."

"அது கிடக்குது சார், இங்க காபி ரொம்ப நல்லாருக்கும்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சின்னவர் வீட்டம்மா.

"இவர் தனியாத்தானே போறார்?" என்றது குரல். மாதாமாதம் வருகிற கேள்விதான்.

"தனிக் கேபின்தாம்மா. கதவெல்லாம் இருக்கு."

"அவர் அண்ணன்?"

"அவருக்கும் கேபின்தாம்மா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சின்னவரைக் காணவில்லை. தூதுவர் ஏழாம் நம்பர் ஜன்னலைத் தேடி ஓடினார். திரை இழுத்து மூடியிருந்தது. உள்ளே மேஜையில் யாரோ ஓங்கி அறைகிற சத்தம். கூடவே பெரியவரின் குரல், "உனக்கு இன்னைக்கு இருக்குடா."

நாலு வருஷமாக ஒருவரை ஒருவர் நேரே பார்த்துப் பேசாத மனிதர்கள். தூதுவர் ஜன்னலோடு காதை ஒட்டினார். தன் வேலை, புது வாடகை வீடு, பெண்டாட்டி ஆசையாகத் தைத்து மாட்டிய ஜன்னல் திரை, எல்லாம் கண்முன்னால் போயின. அதைவிட, இரண்டு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள்தான், தனித்தனியாக இருக்கும்வரை.

பெட்டி வாசலில், வெள்ளைச் சட்டை போட்ட கேபின் பணியாளர் கதவைச் சாத்தப் போனார். தூதுவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஏழாம் நம்பரைப் பிரிச்சு விடுங்க. யாராவது ஒருத்தரை வேற எடத்துல போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அடிதடி ஆயிடும் போலிருக்கு."

"அடிதடியா? சீட்டாடறாங்க சார். பெரியவர் ஏறினதும் கட்டைப் பிரிச்சுட்டார்."

ரயில் மெல்ல நகர்ந்தது. தூதுவர் கூடவே நடந்தார். "ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதே அண்ணே."

பணியாளர் வாசலில் நின்றபடி சிரித்தார்.

"நாலு வருஷமா மாசாமாசம் சின்னவர் அந்த ரயில் டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு இதுலதான் சார் வந்து ஏறுவார், இந்தத் தடவை ஒரு எடமும் இல்லையே, பாவம் எப்படிச் சேருவாங்கன்னு நானே கவலைப்பட்டுக்கிட்டிருந்தேன், ஒரே கேபினாப் போட்ட மகராசன் நீங்கதானா?"