தைலம்மாளின் அறுபத்து மூன்று வருஷ விடுப்பு

ஒருவர் செத்தால் அவர் பதவியும் கூடவே செத்துவிடும் என்பது விவரம் தெரியாதவர்களின் மூடநம்பிக்கை. ரங்கூனின் க்யிம்யிண்டைங் சந்தையில் பருப்புக் கடை வைத்திருக்கும் சத்யபாமாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் மகள் மதுமிதாவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மாதம் முடிவதற்குள் குடியுரிமை அட்டையைக் காட்டாவிட்டால் இடம் போய்விடும். அட்டைக்கு மூன்று தலைமுறை ஆதாரம் கேட்டார்கள். அதற்கு வேண்டிய பழைய குடும்பப் பெயர்ப் பட்டியல், சத்யபாமாவின் அத்தை தைலம்மாளின் தகரப் பெட்டியில் இருந்தது. தைலம்மாள் போர் முடிந்த காலத்துப் பாராளுமன்ற உறுப்பினர். அறுபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ராணுவம் வந்து பாராளுமன்றமே இல்லாமல் போனபோது, அவருடைய மேஜைக் காகிதங்களைப் பெட்டியில் போட்டு ஆவணக் காரியாலயத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே அதிகாரி, பர்மிய மரியாதையில் ஊ தனசேகரன், பக்கத்து இன்சீன் ஊர்த் தமிழர், நம்மவர். நம்மவர் என்பதால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காக்க வைத்தார்.

"பெட்டியைக் காட்ட முடியாதும்மா. இது பழைய ஆவணம் இல்லை, நடப்புக் கோப்பு. உரியவங்கதான் பார்க்கலாம்."

"அத்தை செத்து நாப்பது வருஷம் ஆச்சு சயா," என்றாள், பர்மிய 'ஐயா' போட்டு.

"ராஜினாமாக் கடிதம் கொடுத்தாங்களா?"

"செத்தவங்க எப்படிக் கொடுப்பாங்க?"

"உசிரு போனது உங்க வீட்டு விஷயம். பதவி போனதுக்கு எங்க கிட்ட கடிதாசி இல்லையே."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். முகம் இருண்டது. "அறுபத்து மூணு வருஷமா தகவல் சொல்லாம வேலைக்கு வரலை. பெரிய குற்றம். நீங்க நம்மாளு, அதனால சொல்றேன். அவங்க சார்பா ஒரு லீவு லெட்டர் எழுதிக் கொடுங்க."

சத்யபாமா காரணம் என்ற இடத்தில் 'மரணம்' என்று எழுதினாள். தனசேகரன் அதை அடித்து 'தவிர்க்க இயலாத சொந்தக் காரணம்' என்று திருத்தினார். மரணத்துக்கு விடுப்பு கிடையாதாம். விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. திங்கட்கிழமை, மாண்புமிகு தைலம்மாள் மீண்டும் பணியில் சேர்ந்ததாகப் பதிவாகி, அலுவலகப் பெட்டி வீட்டாரிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து திறந்தால் பட்டியலைக் கரையான் தின்றிருந்தது. அது தொடாமல் விட்டவை இரண்டு: ஊரார் கொடுத்த மனுக்கட்டு ஒன்று, உறுப்பினரின் முத்திரை ஒன்று. மகள் முகத்தைப் பார்க்காமலே சத்யபாமா கிளம்பினாள்.

அட்டை கொடுக்கும் காரியாலயத்தில் போய் அழுதாள். குமாஸ்தா இரக்கப்பட்டார்.

"ஆதாரம் இல்லேன்னா மக்கள் பிரதிநிதி சிபாரிசு போதும். ஆனா பாராளுமன்றமே மறுபடி இல்லாம போன இந்தக் காலத்துல, பணியில இருக்கிற பிரதிநிதிக்கு எங்கம்மா போவீங்க?"

சத்யபாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள். ஒரு மணி நேரத்தில் முத்திரை குத்திய சிபாரிசோடு திரும்பினாள். குமாஸ்தா பதிவேட்டில் சரிபார்த்தார். திங்கட்கிழமை முதல் பணியில் இருக்கிறார், சரி. மதுமிதாவுக்கு அட்டை கிடைத்தது.

செய்தி சந்தை முழுக்கப் பரவியது. நாட்டில் ஒரு பிரதிநிதியாவது பணியில் இருக்கிறாரே என்று பருப்புக் கடை வாசலில் வரிசை கட்டினார்கள். சத்யபாமா முதலில் பரிதாபப்பட்டுக் குத்திக் கொடுத்தாள். பிறகு ஒரு மேஜை போட்டாள். மேஜைக்கு ஒரு மணி வாங்கினாள். அதன் பிறகு அவளுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை வரிசையின் முன்னால் தனசேகரன் நின்றார். அவர் மகனுக்கும் அட்டை இல்லையாம்.

"டோ சத்யபாமா," என்றார், முதல் முறையாக மரியாதை சேர்த்து. "ஒரே ஒரு முத்திரை."

சத்யபாமா நிமிர்ந்து பார்க்கவில்லை. "உறுப்பினர் இன்னிக்கு லீவு. மூணு நகல் எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க."

"என்ன காரணமா லீவு?"

"தவிர்க்க இயலாத சொந்தக் காரணம்."

தனசேகரனுக்குக் கோபமே வரவில்லை. எல்லாம் முறைப்படி நடக்கிறது என்ற நிம்மதியோடு நகல் கடைக்குப் போனார். வரிசையும் அவர் பின்னாலேயே போனது. கரண்ட் இல்லாததால் கடை மூடியிருந்தது. ஒருவரும் கலையாமல் அங்கேயே வரிசையில் நின்றார்கள்.