தூங்காத விளக்கு

சிவபாலனுக்கு டிவி நாடகம் என்றாலே வேப்பெண்ணெய் குடித்த முகம். மனிதத் துயரைக் கவிதைதான் ஆற்றும், நாடகம் அதைக் கிளறிவிட்டு நடுவில் சோப்பு விற்கும் என்பது அவர் கட்சி. கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து மாடிவீடு ஒன்றில், யாழ்ப்பாணத்துக்காரரான அவர் ஒரு கவிதைக் கொப்பியோடு குடும்பம் நடத்தினார். மனைவி சுபோதினி அதே வீட்டில் ஏழு மணி இந்திய நாடகத்தோடு குடும்பம் நடத்தினாள்.

ஒரே மகன் ஜனா மெல்பேணுக்குப் போய் ஆறு வருடம். அந்த வெறுமையை அவள் நாடகம் பார்த்து அழுது தீர்த்தாள், இவர் எழுதித் தீர்த்தார். ஆனால் யாரோ ஒரு நாடகத் தாய்க்குக் குடம் குடமாகக் கொட்டும் கண்ணீரில் ஒரு சொட்டாவது தன் கவிதைக்கு விழக்கூடாதா? முப்பத்திமூன்று வருடத்தில் ஒருமுறையும் விழவில்லை. அது அவருக்கு நெஞ்சில் முள்.

வருகிற ஞாயிறு கவியரங்கம். இந்த முறை கையில் ஒரு தங்கமான வரி இருந்தது. போன மாதம், உள்ளே வழக்கம்போல டிவி அலற, இவர் பல்கனியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வானத்திலிருந்து விழுந்த வரி: 'நீ வரும்வரை என் வாசல் விளக்கும் தூங்காது, மகனே.' எழுதிவிட்டு அவரே அதை மூன்றுமுறை வாசித்தார். அதற்குப் பிறகுதான் ஒரு சொல்லும் வரவில்லை.

"சுபா, அந்த ஒப்பாரியைக் குறை! ஒரு மனிசன் எழுதவும் ஏலாது, நித்திரை கொள்ளவும் ஏலாது."

"குறைச்சா அழுகிறது விளங்காதப்பா."

"அழுகிறதில விளங்க என்ன கிடக்கு?"

"உங்கட கவிதையில கிடக்கிறதைவிடக் கூடக் கிடக்கு."

அதோடு முடிவெடுத்துவிட்டார். மறுநாள் காலை அவள் சந்தைக்குப் போன நேரம், டிவிக்குப் படம் தரும் டிஷ் பெட்டியிலிருந்து கார்டை உருவினார். எங்கே ஒளிப்பது? அரிசி வாளி அவள் ராச்சியம். அலுமாரியும் அவள் ராச்சியம். கடைசியில் கவிதைக் கொப்பிக்குள்ளேயே செருகினார். அதை அவள் தொடமாட்டாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமில்லாததை நினைக்கக் கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது.

ஏழு மணி.

"என்னப்பா, டிவி வேலை செய்யேல்லை?"

"லைன் பழுதாக்கும். எல்லாம் நன்மைக்கே. இரு, ஒரு கவிதை வாசிக்கிறன்."

"பாவம், ஸைனம்புக்குக் காய்ச்சலாம். ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

பக்கத்து வீட்டு ஸைனம்புவுக்கு மூன்று நாளும் சரியாக ஏழு மணிக்குக் காய்ச்சல் வந்து ஏழரைக்கு விட்டது. சிவபாலனுக்கு வேண்டிய அமைதி கிடைத்தது. கடல் கேட்டது, ரயில் கேட்டது. கவிதை மட்டும் வரவில்லை. 'மகனே' என்ற சொல்லுக்குக் கீழே வெறும் வெள்ளைத்தாள்.

நாலாம் நாள் மாலை, கற்பனைக்குக் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போய்வந்தார். படியேறும்போதே நாடகப் பாட்டுக் கேட்டது. ஸைனம்பு வீட்டிலிருந்து அல்ல, தன் வீட்டிலிருந்து!

உள்ளே டிவியில் சோப்பு விளம்பரம். சுபோதினியின் மடியில் அவருடைய கொப்பி. அவள் கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர்.

கார்டாவது மண்ணாவது! அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

"சுபா... என்ர கவிதையை வாசிச்சோ அழுகிறாய்?"

"கார்டைத் தேடித்தான் திறந்தனான். ஒருத்தரும் தொடாத இடத்திலதானே ஒளிப்பியள்? பிறகு இந்த விளக்கு வரி கண்ணில பட்டுது. பிள்ளையின்ர ஞாபகம் வந்திட்டுது."

சிவபாலன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். அவருடைய கண்ணும் கலங்கியது. முப்பத்திமூன்று வருடத் தாகம் அல்லவா?

"உண்மையா என்ர வரிக்கோ?"

"ஓமப்பா. போன மாசம் நாடகத்தில அந்தத் தாய் இதைச் சொல்லேக்கையும் இப்பிடித்தான் அழுதனான்."

"விசர்க்கதை கதையாதை! இது என்ர நெஞ்சில இருந்து வந்த வரி!"

சுபோதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாந்தமாகக் கேட்டாள்:

"இவ்வளவு காலமும் நித்திரை கொண்ட யாழ்ப்பாணத்து மனிசன், எப்ப தொடக்கம் அந்த இந்திய நாடகத் தாய் மாதிரித் 'தூங்க' வெளிக்கிட்டனீங்கள்?"